ஓய்வைப் படிக்கலாம், பட்டமும் வாங்கலாம்: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

மனிதர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராயும் ‘ஓய்வு ஆய்வியல்’ என்ற பெயரில் ஒரு துறையை வேலூர்க் கல்லூரிகளின் அட்மிஷன் நோட்டீசில் தேடிக்கொண்டிருந்தால், தேடுவதை இப்போதே நிறுத்திவிடலாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொழுதுபோக்குக்கும் ஓய்வுக்கும் என்றே ஒரு துறை 1960களின் கடைசியிலிருந்து இருக்கிறது, அமெரிக்காவில் பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலா மூன்றையும் சேர்த்துப் பல பல்கலைக்கழகங்கள் பட்டம் தருகின்றன, பிரிட்டனில் 1975-இலேயே இதற்கென்று ஆய்வாளர் சங்கம் வந்துவிட்டது. நம் பக்கம் இந்தப் பாடம் வேறு பாடங்களுக்குள் ஒண்டிக் குடித்தனம் செய்கிறது. சமூகவியல், சமூகப்பணி, சுற்றுலா மேலாண்மை, உடற்கல்வி, உளவியல், பொருளியல், வரலாறு, ஏன், தமிழ் எம்.ஏ.வில் வரும் நாட்டார் வழக்காற்றியலில்கூட இது இருக்கிறது. ஆகவே செய்ய வேண்டியது என்னவென்றால், இவற்றில் ஒன்றில் சேர்ந்துகொண்டு, ஆய்வுத் தலைப்பு என்று வரும்போது ஓய்வைக் கொண்டுவந்து நடுவில் வைப்பது.

எதில் சேரலாம்? என்னைக் கேட்டால் சமூகவியல் அல்லது சமூகப்பணி. ஒரு ஊரில் யாருக்கு ஓய்வு கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் இந்தப் பாடத்தின் முதுகெலும்பு, அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவது இந்த இரண்டும்தான். சுற்றுலா எடுத்தால் வேலைக்கு ஒரு வழி தெரியும், ஆனால் பாதி நேரம் ஓட்டல் அறை, டிக்கெட், பேக்கேஜ் என்று போய்விடும். உடற்கல்வியில் விளையாட்டு கிடைக்கும், சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள். பின்னால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் சமூகவியல், சமூகப்பணி, உடற்கல்வி, சுற்றுலா நிர்வாகம் எல்லாமே தனித்தனித் தாள்களாக இருக்கின்றன, அதனால் எம்.ஏ.வை எதில் முடிக்கிறீர்கள் என்பதை அதையும் பார்த்து முடிவு செய்யுங்கள். நேரில் கல்லூரிக்குப் போக முடியாதவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ சமூகவியல் எடுத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை.

வீட்டில் சிரிப்பார்கள். “பொழுதுபோக்கப் படிக்கவா இவ்வளவு ஃபீஸ்” என்று மாமா கேட்பார், விடுங்கள். ஆய்வுக்கு வழிகாட்டும் கைடும் கேட்பார் என்பதுதான் பிரச்சினை. அதற்குப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட முதல் உடன்படிக்கையே தொழிற்சாலையில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான். 1948-இன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தில் 24-ஆம் பிரிவு, ஓய்வும் ஓய்வு நேரமும் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது, அதில் இந்தியா 1992-இல் சேர்ந்திருக்கிறது. இந்த மூன்றையும் சினாப்சிஸின், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கத்தின், முதல் பக்கத்தில் வைத்தால் “இதெல்லாம் ஒரு டாபிக்கா” என்ற கேள்வி பாதியிலேயே நின்றுவிடும்.

எதைப் படிப்பது

படிக்க நிறைய இருக்கிறது, எல்லாம் வேண்டாம். அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899-இலேயே சொன்னது: வேலை செய்யாமல் இருக்க முடிகிறது என்று ஊருக்குக் காட்டிக்கொள்வதே பணக்காரர்களுக்கு ஒரு அந்தஸ்து. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை, நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் முன்வரிசைச் சோபாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பந்தியில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். அப்புறம் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967-இல் எழுதிய கட்டுரை, தொழிற்சாலையும் கடிகாரமும் வந்த பிறகு மனிதர்களின் நேரம் எப்படி மாறியது என்பது பற்றியது. ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளைப் பற்றி எழுதப்போகிறவர்கள் அதைத் தவறாமல் படித்துவிடுங்கள்.

ராபர்ட் ஸ்டெபின்ஸ் என்ற சமூகவியலாளர் 1982-இல் ஓய்வில் ஒரு வகையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். சம்பளத்துக்காக இல்லாமல், ஆனால் வேலைக்குக் காட்டும் அதே தீவிரத்தோடு, வருடக்கணக்கில் கற்றுக்கொண்டு, விழுந்து எழுந்து ஒருவர் செய்யும் காரியம், அதுவே நாளடைவில் அவருடைய அடையாளமாகவும் ஆகிவிடுவது. டிவி முன்னால் சாய்ந்து கிடப்பது வேறு, இது வேறு. இந்த ஒரு கருத்தை வைத்தே நம் பக்கம் பல ஆய்வுகள் செய்யலாம், கீழே சொல்கிறேன்.

இன்னொன்று, குறிப்பாகப் பெண்களைப் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு: கிராஃபோர்டு, காட்பே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987-இல் பிரித்துக் காட்டிய, ஓய்வுக்குக் குறுக்கே நிற்கும் மூன்று தடைகள். மனசுக்குள் இருக்கும் தடை, கூட வர ஆள் இல்லாத தடை, வெளியே இருக்கும் தடை. வேலூர்க் கோட்டையைச் சுற்றிச் சாயங்காலம் நடக்க ஆசைப்படும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்த வயசில் ஷூ மாட்டிக்கொண்டு நடந்தால் சிரிப்பார்கள்’ என்பது முதலாவது. பக்கத்து வீட்டு அக்கா வந்தால்தான் போக முடியும், அந்த அக்காவுக்கோ பேரப்பிள்ளை டியூஷன் என்பது இரண்டாவது. சத்துவாச்சாரியிலிருந்து வந்து திரும்ப பஸ், நல்ல கழிப்பறை, இருட்டுவதற்குள் வீட்டில் விளக்கேற்ற வேண்டியது, இதெல்லாம் மூன்றாவது. பேட்டி எடுக்கும்போது பெரும்பாலானவர்கள் மூன்றாவதை மட்டுமே சொல்வார்கள், அதுதான் சொல்லச் சுலபம். மற்ற இரண்டையும் வரவழைப்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் எழுதியது மட்டும் போதாது. பனாரஸ் நெசவாளர்கள், பாத்திரக் கலைஞர்கள் தங்கள் ஓய்வை எப்படிக் கழித்தார்கள் என்று நீதா குமார் எழுதிய நூல் 1988-இல் வந்தது. குடியாத்தத்து லுங்கித் தறிக்காரர்களைப் பற்றி எழுத நினைப்பவர்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையில் செய்த ஆய்வு 2011-இல் புத்தகமானது. பொது இடத்தில் ஒரு பெண் ‘ஏதோ வேலையாகத்தான் வந்திருக்கிறேன்’ என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, சும்மா நிற்கும் உரிமை அவளுக்கு இல்லை என்கிறார்கள். காட்பாடி ஜங்ஷன் டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்று, அங்கே சும்மா நிற்கும் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டு வாருங்கள், அந்த நூலை எடுத்தவுடனே பிடித்துப்போகும்.

சரி, இதெல்லாம் எங்கே கிடைக்கும்? இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் இலவசம். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு, அரசுக் கல்லூரி அல்லது அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்’ திட்டம் பற்றி லைப்ரரியனிடம் கேளுங்கள். தனியார் கல்லூரியில் இருப்பவர்கள் கட்டுரை எழுதியவருக்கே மெயில் போடுங்கள், இரண்டு வரி போதும், பெரும்பாலான ஆசிரியர்கள் சந்தோஷமாக அனுப்பிவிடுவார்கள்.

களம் வாசலிலேயே இருக்கிறது

பழைய வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது, மிச்சமிருந்த வேலூர் 2019-இல் மறுபடி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆய்வேட்டில் மாவட்டப் பெயர் போடும்போது இதைக் கவனியுங்கள், ஏலகிரி இப்போது வேலூர் மாவட்டத்தில் இல்லை.

தை பிறந்தால் இந்தப் பக்கம் மாடு விடும் விழா. மதுரைப் பக்கம் போல மாட்டைத் தழுவுவது இல்லை, தெருவில் குறிப்பிட்ட தூரத்தை எந்த மாடு குறைந்த விநாடியில் ஓடுகிறது என்பதுதான் போட்டி. ஒரு மாட்டை வருஷம் முழுக்கத் தீனி போட்டு, ஓட்டப் பழக்கி, வண்டி வைத்து ஊர் ஊராகக் கூட்டிப்போகிறவர் பரிசுப் பணத்தில் லாபம் பார்ப்பது அபூர்வம். பின்னே எதற்காகச் செய்கிறார்? ஸ்டெபின்ஸ் சொன்ன அத்தனையும் இங்கே இருக்கிறது, மாட்டுக்காரரின் பெயரே ஊரில் மாட்டின் பெயரோடு சேர்ந்துவிடுகிறது. 2014-இல் உச்ச நீதிமன்றத் தடை, 2017-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், 2023 மே மாதத்தில் அதை உறுதி செய்த தீர்ப்பு என்று சட்ட வரலாறும் கூடவே வரும், விபத்தும் விலங்கு நலனும் வரும். இதற்கு ஆதரவாகவோ எதிராகவோ கட்டுரை எழுதி அதை ஆய்வு என்று கொடுத்துவிடாதீர்கள், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சத்துவாச்சாரியின் பளு தூக்குதல் இன்னொரு களம். 2014-லும் 2018-லும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் அந்த ஊர்க்காரர். ஆனால் உங்களுக்கு வேண்டியது பதக்கம் வாங்கியவர் இல்லை, வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி தூக்கிக்கொண்டிருக்கும், எந்தப் போட்டிக்கும் போகாத நாற்பது வயது அண்ணன்தான்.

பங்குனியிலிருந்து வைகாசி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசி நாள் மண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம், சாயங்காலம் தீமிதி. இதை ஓய்வு என்று எழுத முடியுமா? பார்க்க வந்தவருக்குப் பொழுதுபோக்கு, காப்புக் கட்டியவருக்கு வேண்டுதல், வேஷம் கட்டியவருக்குப் பிழைப்பு, கோயில் வாசலில் பொரி கடலை விற்பவருக்கு வியாபாரம். பிரெஞ்சு சமூகவியலாளர் ஜொஃப்ர் துமஸ்தியே இப்படிக் கடமையும் ஓய்வும் கலந்து கிடப்பதை ‘அரை ஓய்வு’ என்று வைத்தார். அந்தக் கருத்து கூத்துக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று ஒரு அத்தியாயமே எழுதலாம், பொருந்தவில்லை என்று முடித்தால் இன்னும் நல்லது.

பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடும் பையன்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அங்கே போய் ஸ்கோரைக் கேட்காதீர்கள், எந்தத் தெருப் பையன் எந்த டீமில், காலனிப் பையன்களுக்குத் தனி டீமா, டோர்னமெண்டுக்குக் காசு யார் போடுகிறார், தங்கச்சி எங்கே என்று கேளுங்கள்.

எனக்கு ரொம்ப ஆசையான தலைப்பு ஒன்று இருக்கிறது, யார் எடுத்தாலும் சரி. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளியோடு வரும் சொந்தக்காரர்கள், காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் அறை எடுத்து வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். டெஸ்ட் ரிசல்ட் வர இன்னும் மூன்று நாள் என்றால் அந்த மூன்று நாளை என்ன செய்வார்கள்? கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோயில், மீன் வாங்கி அறையிலேயே சமையல், செல்போன். கையில் நேரம் நிறைய இருக்கிறது, மனசு மட்டும் வார்டில் இருக்கிறது. இதை ஓய்வு என்றும் சொல்ல முடியாது, வேலை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒருவரிடமும் பேசக் கூடாது, வெளியே லாட்ஜ் வாசலில் பேசினாலும் நோயைப் பற்றிக் கேட்க வேண்டாம், வங்காளியோ இந்தியோ தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது, எப்படி எழுதுவது

“உங்க ஓய்வு நேரத்துல என்ன செய்வீங்க” என்று கேட்டால் பதில் வராது. “இன்னா தம்பி, ஓய்வா? அதெல்லாம் நமக்கு ஏது” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதற்குப் பதில் நேற்றைய நாளைக் கேளுங்கள். “நேத்து காலையில எத்தினி மணிக்கு எழுந்தீங்க அக்கா, அப்புறம்?” என்று ஆரம்பித்தால் பேச்சு தானாக ஓடும், மத்தியானத்துக்கு வரும்போது “சோறு துன்னுட்டு செத்த நேரம் கட்டையச் சாய்ச்சேன்” என்று அவர்களே சொல்வார்கள்.

இதையே முறையாகச் செய்வதுதான் நேரக் குறிப்பேடு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வை முதன்முறை 2019-லும் அடுத்து 2024-லும் நடத்தியது. அதற்கு முன் 1998-99-இல் ஆறு மாநிலங்களில் ஒரு முன்னோட்டம் நடந்தபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. அவர்கள் முறை இது: காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம், 6 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாரிடமும். இதே கட்டத்தை ஒரு தாளில் போட்டு எடுத்துப் போனால் உங்கள் கிராமத்துக் கணக்கை நாட்டுக் கணக்கோடு ஒப்பிடலாம். வேலை நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று என்று இரண்டு தாள் வாங்குங்கள், ஷூ கம்பெனிப் பெண்களிடம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தனிக் கதை.

இங்கே ஒரு சிக்கல் வரும். குடியாத்தம் பக்கம் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே சீரியல் பார்க்கும் அம்மாவை எந்தக் கட்டத்தில் போடுவது? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் கை நிற்காது, கண் மட்டும் டிவியில். ஒன்றுக்கு மேற்பட்ட செயல் நடந்தால் இரண்டையும் எழுதி, எது முதன்மை என்று குறியுங்கள், எது முதன்மை என்பதை நீங்கள் முடிவு செய்யாமல் அவரிடமே கேளுங்கள். வேலை ஒரு பக்கம், ஓய்வு ஒரு பக்கம் என்று கம்பெனிச் சங்கை வைத்துப் பிரித்த மேல்நாட்டுக் கோட்பாடு அந்த முறத்தின் முன்னால் தடுமாறுவதை உங்கள் ஆய்வேடு காட்டினால் அது போதும்.

அரசாங்க எண்களை எடுத்தாளும்போதும் கொஞ்சம் நிதானம். 2019 ஆய்வில், வீட்டாருக்கான சம்பளமில்லா வீட்டுவேலையில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வரும். பரவாயில்லையே, ஆண்கள் ஒன்றரை மணி நேரம் செய்கிறார்களே என்று நினைத்துவிடாதீர்கள். அது அந்த வேலையைச் செய்தவர்களுக்கு மட்டும் எடுத்த சராசரி. அன்றைக்கு அந்த வேலையைத் தொட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம்தான். எல்லா ஆண்களுக்கும் பரப்பிப் பார்த்தால் சுமார் 25 நிமிடம், பெண்களுக்கு 243. எந்தச் சராசரி என்று சொல்லாமல் எண்ணை எழுதினால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

பேச்சு மொழியையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் உருது, குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தெலுங்கு நிறைய. ஒப்புதல் படிவத்தைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் வையுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக்காட்டுங்கள், ஆனால் சாட்சிக்குப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடாதீர்கள், அப்புறம் பேட்டி கொடுப்பவர் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். உங்கள் ஆய்வில் பங்கில்லாத வகுப்புத் தோழி ஒருவர் கூட வந்தால் அவரே சாட்சி போதும். பெண்களிடம் பேச மத்தியானம் மூன்றிலிருந்து நாலரை நல்ல நேரம், அதற்கு மேல் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிடும்.

படித்து முடித்து என்ன வேலை என்று கேட்பீர்கள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு நெட், முனைவர் பட்டமும் இருந்தால் இன்னும் நல்லது. சுற்றுலா, விளையாட்டு மேம்பாடு, முதியோர் இல்லம், தொண்டு நிறுவனம் இவற்றில் இந்தப் பயிற்சி உதவும், ஆனால் ‘ஓய்வு நிபுணர்’ என்று போர்டு போட்டு யாரும் ஆள் எடுக்க மாட்டார்கள். வெளிநாடு போக நினைத்தால் ‘சிகிச்சைப் பொழுதுபோக்கு’ என்று ஒரு பிரிவு கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது, ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை தரும் படிப்பு அது, ஃபீஸ் அதிகம், உதவித்தொகை உறுதியாகாமல் கடன் வாங்கிப் போக நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாகக் காலண்டர். தையிலிருந்து மாசி வரை மாடு விடும் விழா, பங்குனியிலிருந்து கூத்து, வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அக்னி நட்சத்திரத்தில், திருவிழா நாளைத் தவிர, வேலூர் வெயிலில் பகலில் யாரும் வெளியே வர மாட்டார்கள், நீங்களும் போகாதீர்கள், அந்த நேரத்தை எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஏ. பிராஜெக்ட்டுக்கு இதில் ஏதாவது ஒரு விழாதான் கைக்கு எட்டும், இரண்டுக்கு ஆசைப்பட வேண்டாம். மார்கழிக்குள் சினாப்சிஸில் கைடின் கையெழுத்தையும் நெறிமுறைக் குழு அனுமதியையும் வாங்கிவிட்டால், காணும் பொங்கல் அன்றே கையில் நோட்டுப் புத்தகத்தோடு கோட்டைப் புல்தரையில் போய் உட்காரலாம், அன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும்.